ஒரு பெயரில் இரண்டு ஈயம்

கும்பகோணத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது என் கையில் ஒரு காலிப் பை மட்டும் இருந்தது. அம்மா போய் ஓராண்டு முடிந்திருந்தது. அரசலாற்றங்கரையில் உள்ள எங்கள் வீட்டை வாடகைக்கு விடுவதென்று முடிவாகிவிட்டது. பரணில் இருக்கும் பாத்திரங்களை இறக்கி, வேண்டியதைக் கோவையில் இருக்கும் மகளிடம் சேர்க்க வேண்டும். அவளுக்கு அப்போது நான்காம் மாதம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு போனில் சொன்னாள்: “அம்மா, பாட்டியோட ஈயச்சொம்பை மறக்காம எடுத்துட்டு வா. அந்த ரசம் வேணும்போல இருக்கு.” இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்தாள். பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் அம்மா, வீட்டில் என்னென்ன பாத்திரத்தில் சமைக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். “எடுத்துட்டு வா. ஆனா அது எந்த ஈயம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வா.”

எந்த ஈயம் என்ற கேள்வியை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. நம் பேச்சில் ஈயம் என்றால் எல்லாம் ஈயம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ஒன்று வெள்ளீயம். வெள்ளிபோல் மின்னும், புளிக்கு அஞ்சாது, அதனோடு சேர்ந்த உணவைக் கெடுக்காது. மற்றொன்று காரீயம். அது நஞ்சு. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி எலும்பில் சேர்த்துவைக்கும். தாயின் எலும்பில் பல ஆண்டுகளாகத் தங்கிய காரீயம், கர்ப்ப காலத்தில் இளகி ரத்தத்தில் கலந்து பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தொடும். இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின், அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேரின், ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்குக் காரீயம் இருக்கிறது என்று 2020-இல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது.

பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். ஈயச்சொம்பு. வெண்கலப் பானை. பால் காய்ச்சிய பித்தளைக் குண்டான். ஓர் இண்டாலியம் சட்டி. இரும்பு தோசைக்கல். என் பாட்டியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு.

சொம்பைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு. அதன் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் சித்தி வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பேச்சில் மறந்துவிட்டாள். அடி உருகி, அடுப்புச் சாம்பலில் முத்து முத்தாகச் சிந்திவிட்டது. வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, சொம்பு பிழைத்துக்கொள்ளும். காலியாக ஏற்றினால் போயிற்று. ரசத்தை ஊற்றிய பிறகுதான் தீயை மூட்ட வேண்டும் என்று பாட்டி அன்று முதல் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவோடு போன ஒருவர் அந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சொம்பில் ரசம் கொதித்தது.

* * *

கும்பகோணத்தில் பாத்திரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈயம் பூசுகிறவரைத் தேடத்தான் அரைநாள் ஆயிற்று. ஒரு காலத்தில் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துக்கொண்டு வந்தவர்கள். இப்போது ஒரு சந்தின் கோடியில், தகரக் கூரைக்குக் கீழே, அறுபதைத் தாண்டிய ஒரே ஒருவர். முன்னால் மண்ணில் ஒரு குழி, அதில் கரி, பக்கத்தில் கையால் சுற்றும் துருத்தி.

பித்தளைக் குண்டானை நீட்டினேன். உள்ளே பார்த்தவர், “பூச்சு எல்லாம் போயிருச்சேம்மா. இதுல பாலா காய்ச்சுனீங்க?” என்றார். விளிம்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. செம்பில் களிம்பு சேர்ந்தே பிறப்பதுபோல உயிரோடு ஆணவம் சேர்ந்திருக்கிறது என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். உவமைக்குப் பொருத்தமான அந்தக் களிம்பு வயிற்றுக்குப் பொருந்தாது. புளியும் மோரும் எலுமிச்சையும் செம்பையும் பித்தளையையும் கரைத்து எடுக்கும். குமட்டலும் வாந்தியும் வரும். அதனால்தான் உள்ளே வெள்ளீயப் பூச்சு. ஈயம் சரியாகப் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் உணவு வைத்து விற்கக் கூடாது என்று உணவுக் கலப்படத் தடை விதிகளே சொல்லியிருந்தன.

மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, குண்டானைக் கரி நெருப்பின்மேல் கவிழ்த்தும் நிமிர்த்தும் சுட வைத்தார். சூடு பதமானதும் நவச்சாரத் தூளைத் தூவினார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈயக்குச்சியை உள்பக்கம் தொட்டதும் நீராக இளகியது. கையிலிருந்த பஞ்சால் ஒரே சுழற்று. மஞ்சள் மறைந்து உள்ளே நிலா வெளிச்சம்போல வெள்ளை படர்ந்தது. தண்ணீரில் முக்கினார். சுரீரென்று சத்தம். எல்லாம் பத்து நிமிஷ வேலை. அந்தப் புகையை நாற்பது வருடமாக மூச்சில் வாங்கியிருக்கிறார். பாதுகாப்பான பாத்திரம் என்று நாம் பேசும்போது இந்த மனிதரின் நெஞ்சும் அந்தக் கணக்கில் வர வேண்டும். ஒரு மூக்குத்துணியும், புகையை மேலே இழுத்துவிடும் ஒரு குழாயும் அவருக்கு யாரும் தந்ததில்லை.

“ஐயா, இது வெள்ளீயந்தானே?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பழைய செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்தார். டப்பாவிலிருந்து ஒரு கருப்புத் துண்டை எடுத்துக் காகிதத்தில் இழுத்தார். பென்சில் கோடுபோலச் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. “இது காரீயம். கோடு போடும்.” பிறகு பூச்சுக்கு வைத்திருந்த குச்சியை இழுத்தார். கோடு விழவில்லை. குச்சியை என் காதருகில் கொண்டுவந்து வளைத்தார். நறநறவென்று மெல்லிய ஓசை கேட்டது. “இது அழும்மா. காரீயம் அழாது.”

கண்ணுக்கும் காதுக்கும் இவ்வளவு எளிய சோதனை. ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் கோடும் விழாது, அழுகையும் நிற்காது என்று அவரே சொன்னார். ஏன் கலக்கிறார்கள் என்றேன். விரலால் காசு எண்ணிக் காட்டினார். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். ஈயச்சொம்பை எடை போட்டு விற்கிறார்கள். காரீயம் எடையும் கூடியது. தண்ணீரைப்போல வெள்ளீயம் 7.3 மடங்கு என்றால் காரீயம் 11.3 மடங்கு. மலிவான சரக்கைக் கலந்தால் தராசும் கலந்தவன் பக்கமே சாயும்.

நம் வெள்ளீயத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. இந்தோனேசியாவின் பங்கா, பெலித்துங் தீவுகளில் அதற்காகக் காட்டையும் கடலடியையும் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கிறது. நமக்கு நல்ல உலோகம் என்பதால் பூமிக்குச் செலவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் ஒரு குண்டானுக்குப் பூச ஒரு சிறு துண்டு போதும், அந்தத் துண்டால் ஒரு தலைமுறைப் பாத்திரம் மீண்டும் அடுப்பேறும் என்பதையும் அந்தச் சந்தில் கண்ணாரக் கண்டேன். சோதித்துப் பார்க்க ஈயக்குச்சியில் ஒரு நறுக்கு கேட்டேன். தயங்காமல் வெட்டிக் கொடுத்தார். “பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்கம்மா.”

* * *

மறுநாள் நாச்சியார்கோவில். குத்துவிளக்கால் பெயர் பெற்ற ஊர். காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்து, பித்தளையை உருக்கி வார்த்து, கடைசல் இயந்திரத்தில் ஏற்றிக் கடைந்து மெருகேற்றுகிறார்கள். பட்டறையின் மூலையில் பழைய பித்தளை குவிந்து கிடந்தது. உடைந்த தண்ணீர்க் குழாய், திருகு, பூட்டு, கைப்பிடி.

கடைசலில் இருந்தவரிடம் என் வெண்கலப் பானையைக் காட்டிக் கேட்டேன். அவர் சொன்ன ஒரு வார்த்தை என் பயணத்தின் பாதி விடையைத் தந்துவிட்டது. “விளக்குக்கு வேற பித்தளை, வாய்க்கு வேற பித்தளைம்மா.” பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். ஆனால் குழாயும் திருகும் செய்யும் பித்தளையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு காரீயம் வேண்டுமென்றே சேர்ப்பது உண்டு. அப்போதுதான் கடையும்போது சீவல் நீளாமல் பொடிப்பொடியாக உதிரும், உளி தேயாது. விளக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. எண்ணெயும் திரியும்தானே அதில். அதே குழாயை உருக்கி ஒரு சட்டி வார்த்துவிட்டால்?

பழையதை உருக்கிப் புதிதாக்குவது உலோகத்துக்கே உரிய பெரும் குணம். உடைந்த மண்சட்டி மீண்டும் சட்டியாவதில்லை. உலோகம் எத்தனை முறை செத்தாலும் பிறக்கும். ஆனால் எந்தப் பழையது எதற்குள் போகிறது என்று பார்க்கும் ஒருவர் இடையில் இல்லாவிட்டால், அந்த மறுபிறவியிலேயே நஞ்சும் ஏறிவிடுகிறது.

திரும்பும் வழியில் ஒரு காபிக் கடை. பளபளவென்று பித்தளை டவரா டம்ளரில் டிகிரி காபி வந்தது. சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை எங்கும் இன்று இந்த டம்ளர்தான் கும்பகோணத்தின் கொடி. ஆற்றிக் குடிக்கும் சில நிமிஷங்களில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பாலும் பித்தளையும் என்றதும் எனக்குப் புனே நினைவுக்கு வந்தது. கைக்குழந்தைகளின் ஈரல் கல்லாகிப்போகும் ஒரு நோய் நம் நாட்டில் இருந்தது. இந்தியக் குழந்தைக் கல்லீரல் இறுக்கம் என்றே அதற்குப் பெயர். அந்தக் குழந்தைகளின் ஈரலில் செம்பு மலைபோலச் சேர்ந்திருந்தது. 1980-களில் புனே மருத்துவர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தபோது, புட்டிப்பாலை ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்திருந்தது தெரிந்தது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் செம்பைப் பற்றிக்கொள்ளும். பாத்திரத்தை மாற்றச் சொன்னார்கள். அந்த நோய் ஏறத்தாழ மறைந்தேபோனது. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கும் செம்புச் சட்டி, பசும்பால், பச்சைக் குழந்தைகள்.

மருந்தால் தீராத ஒன்றைப் பாத்திரம் மாற்றித் தீர்த்திருக்கிறார்கள். மடியில் கிடந்த குண்டானைத் தடவிப் பார்த்தேன். அதில்தான் எனக்கும் என் தம்பிக்கும் பால் காய்ச்சியிருப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாட்டி ஈயம் பூசவைத்தாள் என்று அம்மா சொல்வாள். அந்தப் பழக்கம் எங்களைக் காத்திருக்கிறது.

* * *

மயிலாடுதுறையிலிருந்து கோவை போகும் ஜன சதாப்தியில் மத்தியானம் ஏறினேன். காலிப் பை இப்போது தூக்க முடியாத கனம். எதிர் இருக்கையில் ஒரு பெரியம்மா, எவர்சில்வர் தூக்கைத் திறந்து எலுமிச்சம்பழ சாதத்தை மூடியில் வைத்து நீட்டினார். மூடியில் புள்ளி புள்ளியாக ஒரு பெயரும், 1978 என்ற ஆண்டும். அவர் கல்யாணச் சீராம். “இது என் பேத்திக்குப் போகும். அப்புறம் அவ பேத்திக்கு,” என்றார்.

எவர்சில்வரை நாம் மரியாதையாக நினைப்பதில்லை. வெண்கலத்துக்கு இருக்கும் பெருமை அதற்கு இல்லை. ஆனால் புளி, தக்காளி, எலுமிச்சை, ஊறுகாய் என்று எது போட்டாலும் அசையாமல் நிற்கும் உலோகம் அது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-இல் உருக்கிய எஃகில் குரோமியம் சேர்ந்திருந்தது. அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் தானே வளரும் தோல். நல்ல ரகமான 304-இல் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். விலை குறைந்த 200 வரிசை ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்பும் புளியும் பட்டால் அதில் சீக்கிரம் புள்ளி விழும்.

காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் என்று நாம் நம்புவது தவறு. மாங்கனீசு ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கலே இல்லாத 430 ரகத்தில் ஒட்டும். அதுவும் நல்ல எஃகுதான், நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அதுவே ஏற்றது. பாத்திரத்தில் பொறித்திருக்கும் ரக எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்ப்பதுதான் வழி. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அந்த முத்திரையைக் கட்டாயமாக்கி 2024-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. இன்னொன்றும் உண்டு. புது எவர்சில்வரில் தக்காளி கொதிக்கும்போது முதல் சில முறை நிக்கலும் குரோமியமும் சற்றுக் கூடுதலாக இறங்கும். பிறகு குறைந்துவிடும். அந்த வகையில் பெரியம்மாவின் 1978, கடையில் மின்னும் புதியதைவிட நல்லது.

திருச்சி தாண்டியதும் ரயில் காவிரியின் தென்கரையை ஒட்டி ஓடத் தொடங்கியது. சாயங்கால வெயிலில் ஆறு செம்பாக இருந்தது. இதே ஆற்றின் மேலே, மேட்டூரில், பல பத்தாண்டுகள் ஓர் அலுமினிய ஆலை ஓடியது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டை வெட்டி இறக்கினார்கள். மண்ணிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரிக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். பழையதை உருக்கி எடுக்க அதில் இருபதில் ஒரு பங்கு சக்தி போதும். அதனால்தான் பழைய அலுமினியத்துக்கு எப்போதும் கிராக்கி. எது கிடைத்தாலும் உருக்கு மூசையில் போய்விடுகிறது. இஞ்சின் துண்டும் போகிறது, மின்கம்பியும் போகிறது. அதிலிருந்துதான் தெருவோர வார்ப்பட்டறையின் இண்டாலியம் சட்டியும் பிறக்கிறது. புளிக்குழம்புக்கும் தக்காளிக்கும் அலுமினியமே கரைந்து இறங்கும். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கு அகதிகளாகப் போன குடும்பங்களின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. காரணம் தேடியவர்கள், அவர்கள் கையோடு கொண்டுபோன அலுமினியக் குக்கர்களிலிருந்து காரீயம் கசிவதை 2022-இல் எழுதினார்கள். ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் முதலில் எடுத்து வைத்துக்கொள்வது சமையல் பாத்திரத்தைத்தானே. என் மடியில் இருந்த பையும் அப்படித்தான்.

* * *

கோவை வார்ப்பட ஊர். பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் இரும்பு வார்க்கும் பட்டறைகள் நிறைந்த ஊர் என்பதால் உலோகத்தைச் சோதிக்கும் ஆய்வகங்களும் உண்டு. மகளும் நானும் ஒன்றில் போய் நின்றோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பல்சக்கரமும் வால்வும் வைத்திருந்தார்கள். நாங்கள் சொம்பும் சட்டியும். அங்கிருந்த இளைஞர் முகம் சுளிக்கவில்லை. “எங்க பாட்டி வீட்லயும் இது இருக்குங்க,” என்றபடி துப்பாக்கி போன்ற ஒரு கருவியை எடுத்தார். அது எக்ஸ் கதிரைப் பாய்ச்சும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். அரை நிமிஷத்தில் திரையில் கணக்கு வந்துவிடும்.

தோசைக்கல் இரும்பு, குறை ஒன்றுமில்லை. எவர்சில்வர் தூக்கு 304-க்கு நெருக்கம். ஈயம் பூசுகிறவர் கொடுத்த நறுக்கு சுத்த வெள்ளீயம். வெண்கலப் பானையில் செம்பும் வெள்ளீயமும், கூடவே நூற்றுக்கு இரண்டு பங்குக்குக் குறையாமல் காரீயம். இண்டாலியம் சட்டியிலும் காரீயத்தின் கோடு தெளிவாக எழுந்தது.

சொம்பின் விலாவில் வைத்துப் பார்த்தார். வெள்ளீயம். கழுத்தில் வைத்தார். வெள்ளீயம். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவர் சொம்பைக் கவிழ்த்து அந்த ஒட்டின்மேல் கருவியை வைத்தார். திரையைப் பார்த்தவர் மறுபடியும் வைத்தார். “இது பத்த வெச்சதுங்களா?”

ஒட்டில் நூற்றுக்கு 37 பங்கு காரீயம்.

எங்களுக்குப் புரியும்படி சொன்னார். வெள்ளீயமும் காரீயமும் அந்தக் கணக்கில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகும். தனி வெள்ளீயம் 232. அதனால்தான் சொம்பு உருகாமல் ஓட்டையை மட்டும் அடைக்க அந்தப் பற்றாசால் முடிந்தது. அடைத்தவர் தன் தொழிலைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். ரேடியோவின் கம்பிக்கும் ரசத்தின் சொம்புக்கும் ஒரே பற்றாசு என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. அவருக்கும் அது ஈயம், பாட்டிக்கும் அது ஈயம். ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவே முப்பது வருடம் புளியும் மிளகும் கொதித்திருக்கின்றன. அந்த ரசத்தைக் குடித்து வளர்ந்தவள் நான். காய்ச்சல் வந்த நாளெல்லாம் அந்த ரசம்தான் மருந்து. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாட்டிக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அடுப்புல ஏத்தியிருக்கவே மாட்டாங்க.” அது உண்மை. தெரியாததால் நேர்ந்தது. ஆனால் நமக்குத் தெரிந்துவிட்டது.

* * *

மகளுக்குக் கஞ்சி குடிக்க ஒரு வெண்கலக் கிண்ணம் வேண்டும் என்று பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். மறுநாள் கணவாய் வழியாகப் பாலக்காடு போனோம். ஊருக்கு வெளியே ஒரு மூசாரிப் பட்டறை. நம் பக்கம் கன்னார் என்போம். மண் கருவின்மேல் மெழுகு இழைத்து, அதன்மேல் மண்ணும் சாணமும் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். உருளி அப்படிப் பிறக்கிறது.

பெரியவர் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். புதுச் செம்பு, புது வெள்ளீயம், தன் பட்டறையில் வார்த்து உடைந்த பழைய வெண்கலம், இவை மூன்றும் தவிர வேறு எதுவும் தன் மூசைக்குள் போகாது என்றார். “ஆக்ரிக்காரன், அந்தப் பழைய சாமான்காரன், கொண்டு வர்றது எல்லாம் நான் எடுக்க மாட்டேன்.” பிறகு உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து விரலால் சுண்டினார். கோவில் மணிபோல ஓசை நின்று ஒலித்தது. அது வார்த்தது இல்லை, அடித்து எடுத்தது, அவருடைய அப்பன் காலத்தது.

நூற்றுக்கு 22, 23 பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் ஆறிய நிலையில் கண்ணாடிபோல உடையும். ஆனால் செந்தழலாகச் சுட்டால், ஏறத்தாழ 586 டிகிரிக்கும் 798 டிகிரிக்கும் நடுவில், அடிக்கு வளைந்துகொடுக்கும். அந்தச் சூட்டிலேயே தட்டித் தட்டி மெல்லிய கிண்ணமாக்கி உடனே நீரில் முக்கினால், அந்த நிலை அப்படியே உறைந்துவிடும். பொன்நிறம், மணியோசை, எளிதில் களிம்பு ஏறாத உடம்பு. உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன் 1990-களில் கேரளத்தில் இந்தக் கலையைப் பதிவு செய்து, ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழங்காலக் கிண்ணங்களோடு அதை இணைத்துக் காட்டினார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டி எடுத்த ஆதிச்சநல்லூர் வெண்கலங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். தாழிக்குள் செத்தவரோடு வைத்த பாத்திரங்கள். இறந்தவருக்கும் நல்ல பாத்திரத்தில் உண்ணக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்.

எங்களிடம் சோதனைச் சீட்டு இருப்பதைப் பெரியவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். தன் உலோகத்தையும் ஒரு முறை அப்படிப் பார்க்கச் சொல்லி ஒரு துண்டு கொடுத்தார். கும்பகோணத்து மனிதரும் இதையேதான் கேட்டார். இவர்களுக்குச் சோதனை என்றால் பயமில்லை. சோதனை இவர்கள் பக்கம் வருவதே இல்லை. மாவட்டத்துக்கு ஒரு கருவி, மாதத்தில் ஒரு நாள் இந்தப் பட்டறைகளுக்குப் போனால் போதும். நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்கும், கெட்ட சரக்கு மூசைக்குள் போகாது.

* * *

மகளின் சமையலறையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தோசைக்கல் அடுப்பேறியது. 15 வயது முதல் 49 வயது வரையுள்ள நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்தசோகையோடு இருக்கிறார்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உணவில் கொஞ்சம் இறங்கினாலும் நல்லது செய்யும் உலோகம் இரும்பு. ரத்தத்தில் இரும்பு ஏற்கெனவே மிகும் நோய் உள்ளவர்கள்தான் விலக்க வேண்டும். புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் எவர்சில்வர். குண்டானில் சுடுதண்ணீர் மட்டும், பூச்சு தேய்ந்ததும் மறுபூச்சு. பால் எவர்சில்வரில். பாலக்காட்டில் வாங்கிய புதுக் கிண்ணத்தில் கஞ்சி, அதுவும் பெரியவர் கொடுத்த துண்டின் கணக்கு வந்த பிறகு. பழைய வெண்கலப் பானை கூடத்தில் ஒரு மூலையில் அலங்காரமாக இருக்கட்டும்.

சொம்பு மிஞ்சியது. பழைய பாத்திரக்காரரிடம் போட்டால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார். வெள்ளீயம் ஆயிற்றே. ஆனால் அவர் ஒட்டைப் பிரிக்க மாட்டார். எல்லாம் ஒன்றாக உருகி, யாரோ ஒரு வீட்டின் புதுச் சொம்பாகப் போய்ச் சேரும். என் வீட்டு நஞ்சை அடுத்த வீட்டு அடுப்புக்கு அனுப்புவதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் வைத்திருந்தால், இன்னும் முப்பது வருடம் கழித்து ஒருத்தி பரணிலிருந்து இறக்கி, பாட்டி சொத்து என்று ரசம் வைப்பாள்.

கடைவீதியில் ஒரு பாத்திரக் கடை. வாசலில் பெயர் வெட்டுகிற இளைஞர் சின்ன இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். சொம்பை நீட்டினேன். விலாவில் பாட்டி பெயரின் முதலெழுத்து தேய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே என்ன வெட்ட வேண்டும் என்று மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். படித்துவிட்டு அவர் எங்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். “பேர் எதுவும் வேண்டாங்களா அக்கா?”

“இதான் பேர்,” என்றாள் மகள்.

இயந்திரம் இரைந்தது. மெத்தென்ற வெள்ளீயத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கியது: அடியில் காரீயம். சமைக்க வேண்டாம்.